‘கேமராவை ஆஃப் பண்ணாதீங்க!’

ஒரு ஃபோன் காலை வைத்தே ஒருவரைச் சொந்த வீட்டுக்குள் சிறை வைத்துவிட முடிகிறது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கும்பலிடம் மாட்டுகிறவர்கள் ஏமாளிகளா, இல்லை கீழ்ப்படிந்தே பழகியவர்களா?

திரையில் கோர்ட் நடக்கிறது. நீதிபதியின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. பேசுவது இந்தியாவின் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடிகிறது. மரச் சுத்தியல் ‘டொக்’கென்று மேஜையில் இறங்குகிறது. சற்று நேரத்தில் முத்திரை குத்திய ‘ஆணை’ வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. பணத்தை மாற்றியாக வேண்டும்.

2024 ஆகஸ்ட் கடைசி வாரம். மறுமுனையில் லூதியானாவில் உட்கார்ந்திருந்தவர் எஸ்.பி.ஓஸ்வால். வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்ம பூஷண் விருதாளர், வயது 82. ‘உங்கள் ஃபோன் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்’ என்ற குரலில் தொடங்கியது கதை. அவருடைய ஆதாரை வைத்து யாரோ வங்கிக் கணக்கு திறந்திருப்பதாகவும், ஜெட் ஏர்வேஸ் நரேஷ் கோயல் மீதான பண மோசடி வழக்கில் அந்தக் கணக்கு சிக்கியிருப்பதாகவும் சொன்னார்கள். ‘ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் பயணம் செய்திருக்கிறேன். அவ்வளவுதான் சம்பந்தம்’ என்று விளக்கியிருக்கிறார் ஓஸ்வால். இரண்டு நாள் ஸ்கைப் கண்காணிப்பு. தூங்கும்போதும் கேமரா ஓடியது. முடிவில் 7 கோடி ரூபாய் கைமாறியது. போலீஸ் வேகமாக இறங்கி 5.25 கோடியை மீட்டது, அதிர்ஷ்டம்.

அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அது நம் சினிமா ஹாலிவுட்டிடம் கடன் வாங்கிய பொருள். நம்மில் பெரும்பாலோர் நிஜக் கோர்ட் வாசலை மிதித்ததில்லை, ‘ஆர்டர்... ஆர்டர்...’ கேட்டே வளர்ந்தவர்கள். கும்பலுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நிஜக் கோர்ட் மாதிரியே நடித்திருந்தால் ஒருவேளை யாரும் நம்பியிருக்க மாட்டார்களோ என்னவோ!

■ எண்களில்...

* ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மற்றும் அதைச் சார்ந்த குற்றங்களாக 2022-ல் பதிவானவை 39,925. இழப்பு சுமார் 91 கோடி ரூபாய்.
* 2024-ல் பதிவானவை 1,23,672. இழப்பு சுமார் 1,935 கோடி. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்கு இது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் புகாரே கொடுக்காதவர்கள் இதில் இல்லை.
* ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி, போலி உச்ச நீதிமன்ற ஆணையைக் காட்டித் தங்களிடம் 1 கோடிக்கு மேல் பறிக்கப்பட்டதை எழுதி அனுப்பினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. டிசம்பர் 1 அன்று நாடு முழுவதற்குமான விசாரணையை சி.பி.ஐ-யிடம் ஒப்படைத்தது.

எட்டு முடிச்சு

இதில் தொழில்நுட்பம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீடியோ கால், ஒரு யூனிஃபார்ம், பின்சுவரில் அசோகச் சின்னம், கம்ப்யூட்டரில் தயாரித்த சில கடிதங்கள். அசல் வேலை முழுவதும் மனதுக்குள் நடக்கிறது. அந்த வேலைக்கு ஏறக்குறைய 70 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பட்டியல் போட்டுவிட்டார்.

கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப் படையினர் சிலர், செய்யாத குற்றங்களைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அடி உதை மட்டுமே அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பிறகு எப்படி? திரும்பி வந்தவர்களிடம் பேசி, ஆல்பர்ட் பைடர்மேன் என்ற சமூகவியலாளர் 1957-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரைப் பணிய வைக்க எட்டு வழிகள் என்று அவர் வகுத்ததைப் படித்துவிட்டு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ புகார்களைப் படித்தால் முதுகு சில்லிடுகிறது. இந்தக் கும்பல்கள் பைடர்மேனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. எதைச் செய்தால் ஆள் மசிகிறான் என்று ஆயிரக்கணக்கான ஃபோன் கால்களில் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வேலை, ஆளைத் தனியாகப் பிரிப்பது. ‘இது தேசப் பாதுகாப்பு ரகசியம். வீட்டில் சொன்னால் அவர்களையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.’ மனைவி மேல் பாசம் உள்ளவர் மனைவியிடம் சொல்ல மாட்டார். மகளைக் காப்பாற்ற நினைப்பவர் மகளின் ஃபோனை எடுக்க மாட்டார். எந்த உறவு அவரைக் காப்பாற்றியிருக்குமோ, அதே உறவை வைத்து வாயைப் பூட்டுகிறார்கள். இந்தத் தந்திரத்தை யோசித்தவன் மனிதர்களை நன்றாக அறிந்தவன், அதில் சந்தேகமில்லை.

அடுத்து, கண்ணும் காதும் வேறெங்கும் போகாமல் திரையிலேயே கட்டிப்போடுவது. பிறகு தூக்கத்தைப் பறிப்பது. ஏழு வருடம் ஜெயில், சொத்து முடக்கம் என்று மிரட்டல். இடையிடையே கருணையும் உண்டு. ‘உங்களைப் பார்த்தா நல்ல குடும்பம்னு தெரியுது. மேலதிகாரிகிட்ட நான் பேசிப் பார்க்கிறேன்’ என்று ஒரு ‘நல்ல’ இன்ஸ்பெக்டர் வருவார். அழுதுகொண்டிருப்பவர் அவருக்கு நன்றி சொல்வார். ஆதார் எண், பழைய முகவரி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்து ‘எல்லாம் எங்களுக்குத் தெரியும்’ என்று காட்டுவது ஆறாவது. விலைக்குக் கிடைக்கும் திருட்டுத் தகவல்தான், ஆனால் கேட்பவருக்கு அது சர்வ வல்லமை. போதைப்பொருள் பார்சல், ஆபாச வீடியோ என்று பேரைச் சொன்னாலே கூசும் குற்றத்தைத் தலையில் சுமத்தி அவமானப்படுத்துவது ஏழாவது.

எட்டாவது, அற்ப உத்தரவுகள். ‘கதவைச் சாத்துங்க. ஃபோனை நிமிர்த்தி வைங்க. தண்ணி குடிக்கணுமா? கேட்டுட்டுப் போங்க. செல்ஃபி அனுப்புங்க.’ மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானதாகப் படுகிறது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்ட மனிதர், அந்த நிமிடத்திலேயே எதிரில் இருப்பவரை அதிகாரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார். இப்படி ஐம்பது சின்ன உத்தரவுக்குப் பணிந்த பிறகு வருகிற ஐம்பத்தோராவது உத்தரவுதான், ‘ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து ஆர்.டி.ஜி.எஸ். பண்ணுங்க.’

பெங்களூரில் 57 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் மாதக்கணக்கில் இப்படிக் கண்காணிப்பில் இருந்தார். 187 முறை பணம் அனுப்பினார். போனது 31.83 கோடி. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த காலம் அது. அவர் காத்துக்கொண்டிருந்தது ‘குற்றமற்றவர்’ என்று ஒரு கடிதத்துக்காக. பேராசையில் போன பணம் என்றால் நமக்குத் திட்டுவதற்கு வசதி. இங்கே ஆசையே இல்லை. தன் பெயர் சுத்தம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கத்தான் அத்தனையும் கொட்டினார்.

பயத்தை யார் உற்பத்தி செய்தது?

‘படிச்சவங்களே இப்படி ஏமாந்தா...’ என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கால் வந்தால் நீங்கள் எந்தக் குரலில் பேசுவீர்கள்?

பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் ஏட்டய்யாவிடமே குழைந்து பேசுகிறோம். தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் தோள்கள் தாமாகக் குறுகுகின்றன. சாத்தான்குளம் காவல் மரணங்களைக் கேள்விப்பட்டவர்களிடம் ‘போலீஸைக் கண்டு பயப்படாதீர்கள்’ என்று சொல்ல எந்த விளம்பரத்துக்கும் வாயில்லை. அந்தப் பயத்தைக் கும்பல் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உண்டாகி, நம் வீடுகளில் பத்திரமாக இருந்ததை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. இந்தியில் அதட்டல், இங்கிலீஷில் சட்டப் பிரிவு. இரண்டும் சரியாகப் புரியாத நம் ஊர்ப் பெரியவருக்கு, புரியாததே பாதி அதிகாரம்.

நிஜ அதிகாரம் போலிக்கு வழி விட்டதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. விசாரணைக்கு ஆஜராகும்படி அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அந்த உத்தரவை மாற்றக் கோரி ஹரியானா அரசு போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிஜ போலீஸே வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தால், ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை எதை வைத்துப் போலியைக் கண்டுபிடிப்பார்?

■ சட்டத்தில் என்ன இருக்கிறது?

* ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது.
* கைது செய்தால் சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பாணை தயாரிக்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. ‘வீட்டில் சொல்லாதே’ என்பவர் போலீஸ் இல்லை.
* 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.
* மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.
* ‘சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்’ என்று பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் நடைமுறை எந்த விசாரணை அமைப்பிலும் இல்லை.

மறுமுனையிலும் ஒரு கைதி

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அதட்டுகிறவர் யார்? பல கால்கள் கம்போடியாவிலிருந்தும், மியான்மரின் தாய்லாந்து எல்லையோரம் உள்ள மியாவாடி பகுதியிலிருந்தும் வருகின்றன. இணைய மோசடி வேலையில் வலுக்கட்டாயமாக இறக்கப்பட்டவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இருக்கலாம் என 2023-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது.

இதில் நம்மவர்களும் உண்டு. தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டேட்டா என்ட்ரி என்று ஏஜென்ட் சொல்லக் கேட்டு, கடன் வாங்கி விமானம் ஏறியவர்கள். 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டு ஊர் திரும்பிய தமிழக இளைஞர்களின் கதையை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறார்கள். நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை வேலை. இலக்கைத் தொடாவிட்டால் அடி, மின்சார ஷாக். வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ‘உனக்காகச் செலவழித்த பணத்தைக் கட்டு.’ அதே எட்டு முடிச்சுகள்தான், இங்கே ஒரு வித்தியாசம், அடி நிஜம். காரைக்குடியிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்க, அவரை மிரட்டுகிறவன் தன் சூப்பர்வைசரை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கலாம். எல்லா அழைப்பாளர்களும் அப்பாவிகள் என்று சொல்லவில்லை. விரும்பிச் சேர்ந்து கமிஷனில் கொழிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

உள்ளூரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வருகிற பணத்தை வாங்கிச் சிதறடிக்க நூற்றுக்கணக்கான வங்கிக் கணக்குகள் வேண்டும். ‘உன் அக்கவுண்ட்டைக் கொடு, சில ஆயிரம் தருகிறேன்’ என்றதும் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் தூக்கிக் கொடுக்கும் கல்லூரி மாணவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போலீஸ் முதலில் தட்டுவது அவர்கள் வீட்டுக் கதவைத்தான். மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் இப்படியொரு வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கால் வந்தது கம்போடியாவிலிருந்து, தண்டனை பெற்றவர்கள் இந்தியாவில் இருந்தவர்கள்.

பணம் போன பிறகு

பணத்தோடு முடிவதில்லை. ஆக்ராவில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு 2024-ல் ஒரு கால் வந்தது. ‘உங்கள் மகள் பாலியல் தொழில் வழக்கில் சிக்கியிருக்கிறாள். ஒரு லட்சம் கொடுத்தால் வெளியே தெரியாது.’ அவர் பதறி மகனுக்குச் சொன்னார். மகன் எண்ணைப் பார்த்தார், பாகிஸ்தான் குறியீடு. தங்கையிடமும் பேசி, அவள் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறாள் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். பணம் ஒரு பைசா போகவில்லை, பொய் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் படபடப்பிலிருந்து அவர் உடம்பு மீளவில்லை. வீடு திரும்பியவர் அன்றே மாரடைப்பில் இறந்துபோனார்.

ஹைதராபாத்தில் ஓய்வுபெற்ற பெண் மருத்துவர் ஒருவர் 2025 செப்டம்பரில் இதே மாதிரி மூன்று நாள் நெருக்கடிக்குப் பிறகு மாரடைப்பில் இறந்தார். அவர் இறந்த பிறகும் ஃபோனுக்கு மெசேஜ் வந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருப்பவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே விசாரணை ஆரம்பிக்கிறது. ‘எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?’ பிள்ளைகள் ஆதங்கத்தில்தான் கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்கு அது இரண்டாவது குற்றப்பத்திரிகை. அதன் பிறகு ஏ.டி.எம். கார்டு பிள்ளைகள் கைக்குப் போகிறது, ‘இனிமே நீங்க எதையும் தொடாதீங்கப்பா’ என்று ஒரு வார்த்தை விழுகிறது. நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவர் பத்து ரூபாய்க்குக் கை நீட்டுகிறார். கும்பல் பறித்தது பணத்தை, மிச்சமிருந்த சுயாதீனத்தைப் பறிப்பது அன்பானவர்கள்.

சம்பந்தமே இல்லாதவர்களும் அடிபடுகிறார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் போனதும் பணம் பாய்ந்த கணக்குகளை வரிசையாக முடக்குகிறார்கள். முடக்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் திருட்டுப் பணத்தில் ஒரு துளி, மொபைல் கடைக்காரர் ஒருவரிடம் யு.பி.ஐ. மூலம் வந்திருந்தால் அவருடைய மொத்தக் கணக்கும் உறைந்துவிடுகிறது. எங்கோ வடமாநிலத்து ஸ்டேஷனில் கேஸ். சரக்கு எடுக்கப் பணம் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. இது எல்லா ஸ்டேஷன்களுக்கும் எட்டிவிட்டதா என்பது வேறு கதை.

மூன்றாவது ஆள்

தப்பிக்க என்ன வழி? ‘உஷாரா இருங்க’ என்பது வழியல்ல. உஷாரானவர்களைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் ‘தொடருங்கள்’ என்று சொல்ல, சாதாரண மனிதர்கள் 40 பேரில் 26 பேர், பக்கத்து அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் வரை ஷாக் கொடுப்பதாக நம்பி சுவிட்சைப் போட்டார்கள். நிஜத்தில் ஷாக் ஏதும் இல்லை. இதைச் சொல்லி ‘மனிதன் கீழ்ப்படிகிற மிருகம்’ என்று முடித்துவிடுவது வழக்கம். அதிகம் பேசப்படாத பகுதிதான் நமக்கு வேண்டியது. கோட்டுக்காரர் அறையை விட்டு வெளியே போய், ஃபோனில் உத்தரவு போட்டபோது, கடைசிவரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். கும்பல் ஏன் ‘கேமராவை ஆஃப் பண்ணாதீங்க’ என்று மன்றாடாத குறையாகச் சொல்கிறது என்பது இப்போது புரிகிறது அல்லவா? குரல் மட்டும் போதாது, முகம் அறைக்குள் இருந்தாக வேண்டும்.

மில்கிராம் இன்னொரு மாற்றமும் செய்தார். கூட உட்கார்ந்திருந்த இருவர் நடுவில் ‘இனி நான் செய்ய மாட்டேன்’ என்று எழுந்துவிட்டார்கள். அதைப் பார்த்த 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். இத்தனைக்கும் யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. மறுக்க முடியும் என்பதை இன்னொருவர் செய்து காட்டினார், அவ்வளவுதான்.

அதனால் ஃபோனைத் துண்டிப்பது முதல் வேலை. சொல்வது சுலபம். பெரிய அதிகாரி பேசும்போது ஃபோனை வைப்பது நம் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. ‘சார், ஸ்டேஷனுக்கே நேர்ல வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுத் துண்டிக்கலாம். நிஜ போலீஸ் என்றால் இதற்குக் கோபப்படக் காரணமில்லை. அடுத்த வேலை, யாராவது ஒரு மூன்றாவது ஆளிடம் வாய்விட்டுச் சொல்வது. மகள், எதிர்வீட்டுக்காரர், வாட்ச்மேன், யாரானாலும் சரி. சத்தமாகச் சொல்லும்போது அந்தக் கதை நம் காதுக்கே அபத்தமாகக் கேட்கும். பிள்ளைகள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. எப்படிப்பட்ட கேவலமான பழி என்றாலும் திட்டாமல் கேட்போம் என்று அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவைப்பது. பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் வழியிலேயே மடக்க முடியும்.

ஹைதராபாத்தில் 2024 நவம்பரில் ஒரு பெரியவர் ஸ்டேட் வங்கிக் கிளைக்கு வந்து டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்றார். 13 லட்சம் ரூபாய். ஏன் என்று கேட்டதற்கு, சொத்து வாங்குவதாகச் சொன்னார். முகம் சரியில்லை என்று ஊழியருக்குத் தோன்றியது. வீட்டில் யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி தனியாகவே வந்தார். மறுபடியும் தட்டிக்கழித்தார்கள். வங்கி ஊழியர்களை நம்பாதே என்று அவருக்கு ஏற்கெனவே பாடம் சொல்லியிருந்தது கும்பல். கடைசியில் கிளையிலிருந்தே 1930-ஐ அழைத்து அவரைப் பேச வைத்தார்கள், பணம் பிழைத்தது. கவுன்டரில் மனிதர் இருந்ததால் நடந்தது இது. மொபைல் ஆப்பில் அனுப்பியிருந்தால் ‘ஏன்’ என்று கேட்க ஆள் இருந்திருக்காது. வயதானவர்களின் கணக்கிலிருந்து பெரிய தொகை புதிய கணக்குக்குப் போகும்போது ஒரு நாள் நிறுத்திவைத்து, குடும்பத்தில் இன்னொருவருக்குத் தகவல் சொல்ல வங்கிகளுக்கு இன்றைக்கே தொழில்நுட்பம் இருக்கிறது. அதை எப்போது கட்டாயமாக்கப்போகிறது ரிசர்வ் வங்கி?